வெறுங்காலோடு புறப்பட்ட வாஸ் அடிகளார்



குருக்களின் வாழ்வில் மாற்றல் கடிதம் என்று ஒன்று உண்டு. ஆயரிடமிருந்து அது வந்த நாளிலிருந்து அறைவீட்டில் பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிடும். நாம் இப்பங்கிற்கு வந்த நாளில் ஒரு லாரி நிறையச் சாமான்கள் வந்திறங்கியதும், நம் இளைஞர்கள் வியர்க்க வியர்க்க அவற்றைத் தோளில் சுமந்து மாடியேற்றியதும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பெட்டிகளில் இரண்டை இன்றுவரை நாம் திறக்கவில்லை என்பதை இந்த ஜூபிலி மலரிலே வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகிறோம். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் நம் நினைவுக்கு வருகிறவர் இலங்கையின் அப்போஸ்தலர் என்று போற்றப்படும் புனித யோசேப்பு வாஸ் அடிகளார். புது இடத்துக்குப் போக அவர் ஆயத்தம் செய்த விதமே வேறு.

அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவைச் சேர்ந்த பெனாலிம் என்னும் ஊரில் பிறந்தார். கொங்கணி பேசும் பிராமண குலத்துக் கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. போர்ச்சுக்கீசிய மொழியும் இலத்தீனும் கற்று, 1676இல் குருப்பட்டம் பெற்றார். குலமும் கல்வியும் அமைந்த ஓர் இளங்குரு, விரும்பியிருந்தால் கோவா நகரிலேயே மதிப்போடு வாழ்ந்திருக்கலாம். அவரோ குருவான பின் ஏழைகளைப் போல மிதியடி இன்றி நடக்கத் தொடங்கினார். இந்தச் சிறு ஒறுத்தல் பின்னாளில் எதற்குப் பயன்படப்போகிறது என்பதை அன்று அவரும் அறிந்திருக்கமாட்டார்.

அக்காலத்தில் இலங்கையின் நிலை என்ன? ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கைப்பற்றியிருந்தனர். கால்வினிய மறையைச் சார்ந்த அவர்கள் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். குரு ஒருவரை வீட்டில் ஒளித்து வைத்தால் மரண தண்டனை என்று சட்டமும் போட்டனர். கோயில்கள் கைமாறின. ஞானஸ்நானமும் திருமணமும் அவர்களுடைய சபையிலேயே பதிவாக வேண்டியிருந்தது. ஏறக்குறைய 30 ஆண்டுகள் பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, நற்கருணையில்லை. ஆயினும் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொல்லிய குடும்பங்கள் அங்கே இருந்தன.

இச்செய்தி கேட்ட வாஸ் அடிகளாரின் உள்ளம் துடித்தது. தம்மை இலங்கைக்கு அனுப்புமாறு மேலதிகாரிகளை வேண்டினார். அப்போது அவருக்கு வயது 30. ஆனால் அவர்கள் 1681இல் அவரைக் கன்னடக் கரையோரப் பங்குகளின் பொறுப்பாளராக அனுப்பிவிட்டார்கள். கேட்டது கிடைக்கவில்லை, கேட்காதது கிடைத்தது. அடிகளார் முணுமுணுக்காமல் போனார். அங்கேயோ கோவா பேராயத்துக்கும் உரோமைத் திருப்பீடம் நியமித்த ஆயருக்குமிடையே அதிகாரத் தகராறு. அதன் நடுவே மூன்றாண்டுகள் பொறுமையோடு ஊர் ஊராக நடந்து, சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களைத் தேடிச் சென்று பணியாற்றினார். மேய்ப்பனின்றித் தவிக்கும் மந்தையை எப்படித் தேடிப்போவது என்பதை அவர் கற்றுக்கொண்டது இங்கேதான். வீணாய்ப் போன காலம் என்று நாம் நினைக்கக்கூடியதை ஆண்டவர் பயிற்சிக் காலமாக்கினார்.

1684இல் கோவா திரும்பியவர், மறு ஆண்டில் இந்தியக் குருக்கள் சிலர் தொடங்கியிருந்த சிறு குழுவில் சேர்ந்தார். அதைப் புனித பிலிப்பு நேரியின் வழியில் ஓரட்டரியாக உருவாக்கியவரும், அதன் தலைவராக இருந்தவரும் அவரே. குழு வேரூன்றத் தொடங்கியது. இனி இவர் இதை விட்டு எங்கே போகப்போகிறார் என்றுதானே எவரும் எண்ணுவர்? ஆனால் 1686இல் தலைமைப் பொறுப்பை மற்றவர் கையில் ஒப்படைத்துவிட்டு அவர் புறப்பட்டார். தாம் நட்ட மரத்தின் கனியைப் பறிக்கக் காத்திருக்கவில்லை.

மலையாளக் கரை வழியாகத் தெற்கே சென்று தூத்துக்குடியை அடைந்தார். அதுவும் அன்று ஒல்லாந்தர் வசம் இருந்த துறைமுகம். குருவின் உடையில் கப்பலேற முடியாது. எனவே அங்கியைக் களைந்து, இடுப்பில் ஒரு துணியோடு கூலியாளாக மாறினார். கூட வந்த யோவான் என்னும் இளைஞரும் அவ்வாறே. திருப்பலிக்கு வேண்டிய பொருள்களை மட்டும் மறைத்து எடுத்துக்கொண்டார்கள். மிதியடிக்குப் பழகிய மிருதுவான பாதங்களாக இருந்திருந்தால், கூலி வேடத்தை அவையே காட்டிக் கொடுத்திருக்கும் அன்றோ! பத்தாண்டுகளாக வெயிலிலும் கல்லிலும் நடந்து காய்த்துப்போயிருந்த பாதங்கள் அவருடையவை. ஆகவே அந்தக் கூலிக்கோலம் அவருக்கு வேடமாகவே இருக்கவில்லை.

1687ஆம் ஆண்டில் கடல் கடந்து, மன்னார் வழியாக யாழ்ப்பாணம் சேர்ந்தபோது அவருக்குக் கடும் வயிற்றுக்கடுப்பு கண்டிருந்தது. ஊராருக்கு நோய் பரவுமென்று அஞ்சி இருவரையும் ஊருக்கு வெளியே ஒதுக்கிவிட்டார்கள். இரக்கமுள்ள பெண்மணி ஒருவர் அன்றாடம் கொண்டுவந்த கஞ்சியே அவர்களைப் பிழைக்க வைத்தது. கொடுக்க வந்த குரு முதலில் ஏந்திப் பெற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மேட்டுக்குடியில் பிறந்தவர், எவர் கொடுத்த கஞ்சி என்று கேட்காமல் குடித்தார். குலப்பெருமை இன்னும் நம் கோயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே இதை நாம் கவனிக்க வேண்டும்.

தேறியபின் கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அதைக் கண்டு எவருடைய முகம் மலர்கிறது என்று பார்த்தார். அவ்வாறே ஒளிந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். சில்லாலை என்னும் சிற்றூர் மக்கள், உயிருக்கு ஆபத்து என்றறிந்தும் அவரைத் தங்களிடம் வைத்துக் காத்தார்கள். இரவு நேரங்களில் மீண்டும் திருப்பலி நிறைவேறியது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் கேள்விப்பட்டதே. 1692இல் கண்டிக்குச் சென்றபோது ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறை வைத்தார்கள். 1697இல் அங்கே அம்மை நோய் பரவியபோது, உற்றாரும் கைவிட்ட நோயாளிகளைத் தம் கையால் கழுவிப் பேணினார். கோவா ஓரட்டரியிலிருந்து வேறு குருக்களும் துணைக்கு வந்து சேர்ந்தார்கள். தாயகம் திரும்பாமலே 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியில் கண்மூடினார். 1995இல் கொழும்பில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015இல் அதே நகரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராகவும் உயர்த்தினார்கள்.

பங்கு மக்களே! ஜூபிலி என்பதும் ஒரு புறப்பாடே. கோபுரத்திற்கு வர்ணம் பூசி, கொடிமரத்தைப் புதுப்பித்து, மலரும் வெளியிட்டுவிட்டோம். எதையெல்லாம் சேர்த்தோம் என்று கணக்குப் பார்க்கிறோம். எதை இறக்கி வைக்க வேண்டும் என்றும் பார்ப்போமா? பழைய பகை, பந்தியில் முந்தும் ஆசை, நம் தெரு உங்கள் தெரு என்ற பேச்சு, இவையெல்லாம் திறக்காமலே சுமந்து திரியும் பெட்டிகள் அல்லவா? நாமும் நமது இரண்டு பெட்டிகளை இவ்வாரமே திறந்து, தேவைப்படுவோருக்குக் கொடுத்துவிடத் தீர்மானித்திருக்கிறோம்.

வீட்டில் மாலை செபம் சொல்லும் வழக்கம் குறைந்துவரும் இந்நாளில், குருவின்றி 30 ஆண்டுகள் விசுவாசத்தைக் காத்த அந்த யாழ்ப்பாணக் குடும்பங்களையும் நினைவில் கொள்வோம். இறைவன் அழைக்கும் பிள்ளை ஒன்று நம் தெருக்களிலிருந்தும் வெறுங்காலோடு புறப்படட்டும். புனித யோசேப்பு வாஸ் அடிகளாரின் மன்றாட்டு நம் பங்கிற்குத் துணை நிற்பதாக!