சத்தியம் செய்த பிரபுக்கள், பறிபோன கிரீடம்... 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' கதைக்குப் பின்னால் இருக்கும் மெட்டில்டா யார்?

'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' பார்த்தவரா நீங்கள்? அப்பா, மகளை வாரிசாக அறிவிப்பார். பிரபுக்கள் வரிசையாக வந்து சத்தியம் செய்வார்கள். அப்பா கண்ணை மூடியதும் அந்தச் சத்தியம் காற்றில் பறக்கும். கிரீடம் வேறொருவர் தலையில் ஏறும்.

இதிலிருந்து டிராகன்களை மட்டும் எடுத்துட்டுப் பாருங்க. கிட்டத்தட்ட 900 வருடங்களுக்கு முன்பு இங்கிலாந்தில் நிஜமாகவே நடந்தது இது. அந்த உள்நாட்டுப் போரின் தாக்கம் தன் கதையில் இருப்பதாக எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்.ஆர்.மார்ட்டினே சொல்லியிருக்கிறார். நிஜக் கதையின் நாயகி பெயர், மெட்டில்டா.

8 வயதில் ஊர் விட்டு ஊர்

1102-ல் பிறந்தவர் மெட்டில்டா. அப்பா, இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றி. 8 வயதில் ஜெர்மனிக்கு அனுப்பிவைத்தார்கள், அந்நாட்டு மன்னர் ஐந்தாம் ஹென்றிக்கு மணப்பெண்ணாக. நாம் மூன்றாம் வகுப்பு படிக்கும் வயசு அது! 1114-ல் திருமணம். பதின்ம வயதிலேயே கணவர் சார்பில் இத்தாலியில் நிர்வாகம் பார்த்தார். வழக்குகளை விசாரித்தார். பேரரசி என்ற பட்டத்தைக் கடைசிவரை விடவே இல்லை.

ஒரு கப்பல், ஒரு வயிற்றுக்கோளாறு

1120 நவம்பர் 25, இரவு. 'ஒயிட் ஷிப்' என்ற கப்பல் பிரான்ஸின் பார்ஃப்லர் துறைமுகத்திலிருந்து கிளம்பி, சற்று நேரத்திலேயே பாறையில் மோதி மூழ்கியது. கப்பலில் இருந்தவர்கள் சுமார் 300 பேர். பிழைத்தவர் ஒரே ஒரு கசாப்புக்கடைக்காரர். இறந்தவர்களில் மெட்டில்டாவின் தம்பி வில்லியமும் ஒருவர். மன்னருக்கு முறையான திருமணத்தில் பிறந்த ஒரே ஆண் வாரிசு அவர்தான்.

அந்தக் கப்பலில் ஏறிவிட்டு, புறப்படும் முன்பே இறங்கிவிட்டார் ஒருவர். காரணம், வயிற்றுக்கோளாறு என்கின்றன அன்றைய குறிப்புகள். அவர் பெயர் ஸ்டீபன். மன்னரின் சகோதரி மகன், மெட்டில்டாவின் அத்தை மகன். இவரை ஞாபகத்துல வெச்சுக்கோங்க.

1125-ல் மெட்டில்டாவின் கணவர் இறந்துபோக, அப்பா அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். 1127 தொடக்கத்தில் பிரபுக்களைக் கூட்டி, எனக்கு ஆண் வாரிசு பிறக்காவிட்டால் என் மகள்தான் என்று சத்தியம் வாங்கினார். சத்தியம் செய்தவர்களில் ஸ்டீபனும் உண்டு. அடுத்த ஆண்டே மெட்டில்டாவுக்கு மறுமணம். மணமகன் அஞ்சூ நாட்டு ஜெஃப்ரி. மெட்டில்டாவுக்கு 26 வயது, மாப்பிள்ளைக்கோ 14! பேரரசியாக வாழ்ந்தவருக்கு இந்தச் சம்பந்தத்தில் துளியும் விருப்பமில்லை. ஆனால் அவரை யார் கேட்டார்கள்?

மூன்றே வாரத்தில் மாறிய கிரீடம்

1135 டிசம்பர் 1 அன்று முதலாம் ஹென்றி இறந்தார். மெட்டில்டா அப்போது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார், வயிற்றில் மூன்றாவது குழந்தையோடு. ஸ்டீபன் தாமதிக்கவில்லை. கடலைக் கடந்து லண்டன் போனார். டிசம்பர் 22-ல் முடிசூடிக்கொண்டார். செய்த சத்தியம் என்னாச்சு? சாகும் தறுவாயில் மன்னர் மனம் மாறிவிட்டார் என்று சாட்சி சொல்ல ஓர் ஆள் வந்தார். அவ்வளவுதான். சீரிஸிலும் மன்னரின் கடைசி வார்த்தைகளை வைத்துத்தானே எல்லாமே மாறும்!

மெட்டில்டா காத்திருந்தார். 1139-ல் அப்பாவின் இன்னொரு மகனான ராபர்ட்டின் துணையோடு இங்கிலாந்தில் கால் வைத்தார். 1141 பிப்ரவரியில் லிங்கன் போரில் ஸ்டீபன் சிறைபிடிக்கப்பட்டார். ஸ்டீபனின் சொந்தத் தம்பியான பிஷப் ஹென்றியே கட்சி மாறி வந்தார். ஏப்ரலில் மெட்டில்டாவை ஆங்கிலேயரின் தலைவி என்று அறிவித்தார்கள். பாக்கி இருந்தது முடிசூட்டு விழா மட்டும்தான்.

அதற்காக லண்டன் வந்தார். நகரத்தாரிடம் பெரும் தொகை கேட்டார். வரியைக் குறைக்கச் சொன்னவர்களிடம் கோபத்தைக் காட்டினார். இன்னொரு பக்கம், ஸ்டீபனின் மனைவி படையோடு நகரை நெருங்கினார். அவர் பெயரும் மெட்டில்டாதான்! ஜூன் 24 அன்று மக்கள் திரண்டுவர, பேரரசி தப்பி ஓடினார். அதன்பிறகு அந்த வாய்ப்பு திரும்பவே இல்லை. செப்டம்பரில் ராபர்ட் பிடிபட்டார். அவரை மீட்க ஸ்டீபனை விடுவிக்க வேண்டியதாயிற்று.

தன் தோல்விக்கு அவரும் ஒரு காரணம்தான், மறுக்க முடியாது. ஆனால் அன்றைய வரலாற்றாசிரியர்கள் அவரைத் திமிர் பிடித்தவர் என்றார்கள், பெண்ணுக்குரிய மென்மை இல்லை என்றார்கள். அவருடைய அப்பாவும் கறாராக வரி வாங்கியவர்தான், எதிர்த்தவர்களிடம் இரக்கம் காட்டாதவர்தான். அவருக்குக் கிடைத்த பெயரோ வலிமையான மன்னர். ஆபீஸில் இதே கதையைப் பார்த்திருப்பீங்கதானே?

பனியில் ஒரு வெள்ளை உருவம்

1142 இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டு கோட்டையில் மெட்டில்டாவைச் சுற்றி வளைத்தார் ஸ்டீபன். சுமார் மூன்று மாத முற்றுகை. உணவு தீர்ந்துகொண்டிருந்தது. டிசம்பரில் ஓர் இரவு, ஒரு சில வீரர்களோடு வெளியேறினார் மெட்டில்டா. பனியோடு பனியாகத் தெரிய வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு, உறைந்துகிடந்த ஆற்றின் மேல் நடந்து, எதிரிகளின் காவலைத் தாண்டிப் போனார் என்கிறார்கள். சினிமாவில் வந்தால் லாஜிக் இல்லை என்போம்!

போர் இழுத்துக்கொண்டே போனது. 1147-ல் ராபர்ட் இறந்தார். 1148-ல் மெட்டில்டா நார்மண்டிக்குத் திரும்பினார். தோற்றுப்போனாரா? சிம்மாசனம் தனக்கில்லை என்றானபின், உரிமையை மூத்த மகன் ஹென்றியிடம் கொடுத்தார். 1153-ல் ஸ்டீபனின் மகன் யூஸ்டஸ் திடீரென இறந்தார். களைத்துப்போன ஸ்டீபன், மெட்டில்டாவின் மகனையே வாரிசாக ஏற்றுக்கொண்டார். மறு வருடம் ஸ்டீபனும் இறக்க, 1154 டிசம்பர் 19-ல் இரண்டாம் ஹென்றியாக முடிசூடினார் மகன். எந்தப் பட்டத்துக்காக 19 வருடங்கள் போராட்டம் நடந்ததோ, அது மெட்டில்டாவின் ரத்தத்துக்கே வந்தது.

மகன் ஆண்டபோது, நார்மண்டியின் நிர்வாகத்தில் அம்மாவின் கை இருந்தது. அயர்லாந்து மீது படையெடுக்க மகன் திட்டமிட்டபோது வேண்டாம் என்று தடுத்ததும் அவர்தான். 1167 செப்டம்பர் 10-ல் காலமானார்.

இங்கிலாந்தின் முடியைத் தன் உரிமையில் ஒரு பெண் சூட, 1553-ல் முதலாம் மேரி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தம்பி பிறந்தாலும் அக்காவின் உரிமை போகாது என்ற சட்டம் வந்ததோ 2013-ல்தான்!

மெட்டில்டாவின் கல்லறை வாசகம் அவரை ஒரு ஹென்றியின் மகள், ஒரு ஹென்றியின் மனைவி, ஒரு ஹென்றியின் தாய் என்றுதான் அடையாளப்படுத்தியது. அடுத்த சீசன் பார்க்கும்போது, டிராகன் இல்லாமலேயே போராடிய இந்தப் பெண்ணை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.