பொன்படுகையில் பிறந்த இருபத்துமூன்று மடல்கள்

கலிபோர்னியாவின் கொலோமாவில் 1848 சனவரியில் பொன் கண்டெடுக்கப்பட்டதும் பல நாட்டு ஆடவரும் அம்மண்ணை நோக்கித் திரண்டனர். அகழ்ந்தவர் பெயரும் அள்ளிய பொன்னின் மதிப்பும் ஏடுகளில் நிறைந்தன. அங்கு அடுப்பில் என்ன வெந்தது, இறந்தவளை எதன்மேல் கிடத்தினர் என்பவற்றையும் எழுதிவைத்தவர் லூயிஸ் கிளாப் அம்மையார். ஷெர்லி என்பது அவர் புனைபெயர்.

1819இல் நியூஜெர்சியில் பிறந்து, பெற்றோரை இளமையிலேயே இழந்த அவர், ஆம்ஹெர்ஸ்டில் வளர்ந்தார். கவிஞர் எமிலி டிக்கின்சனின் ஊரும் அதுவே. ஒருவர் வீட்டுக்குள் ஒடுங்கினார். மற்றவரோ மருத்துவரான கணவருடன் 1849இல் கப்பலேறி, 1851இல் ஃபெதர் ஆற்றங்கரையின் ரிச் பார் என்னும் பொன்படுகையை அடைந்தார். அங்கிருந்து தமக்கை தங்கை உறவின் உரிமையோடு உடன்பிறந்தாள் மாலிக்கு 1852 நவம்பர் வரை எழுதிய மடல்கள் இருபத்துமூன்று.

அருகிலிருந்த இந்தியன் பார் படுகையில் மரக்கட்டைக் குடிலொன்றில் அவர் குடித்தனம் நடத்தினார். மெழுகுவத்திப் பெட்டியே நூலடுக்கு. அதில் விவிலியத்தோடு ஷேக்ஸ்பியரும் ஸ்பென்சரும் ஷெல்லியும் இருந்தனர். குளிர்காலத்தில் கோவேறு கழுதைகள் மலைகடந்து வர இயலாதபோது உப்புக்கண்டமும் உப்புமீனும் உருளைக்கிழங்குமே உணவு. ஒருநாள் தாமே மண்ணை அரித்து மூன்றேகால் டாலர் பெறுமான பொற்றுகள் எடுத்தார். அதற்கு அவர் கொடுத்த விலை கிழிந்த ஆடை, கெட்ட கையுறை, தொலைந்த மார்பூசி, தலைவலி. தொழில் கற்றதற்கு வருந்தியதாக நகைச்சுவையோடு எழுதினார்.

நகைச்சுவை அடங்கும் இடமும் உண்டு. ரிச் பாரில் இருந்த நான்கு பெண்களில் ஒருவர் சில நாள் நோயில் மாண்டார். இரு வெண்ணெய்த் தொட்டிகள்மேல் வைத்த பலகையில் உடல் கிடந்தது. பத்துமாதக் குழந்தை தாய்க்காக முனகியது; ஆறு வயதுச் சிறுமியோ ஏதுமறியாது துள்ளித் திரிந்தாள். பிணப்பெட்டியைப் போர்த்தியது சூதாட்ட மேசையிலிருந்து இரவல் வாங்கிய துணி. பொன் கொழித்த இடத்தில் ஒரு தாய்க்குக் கிடைத்த போர்வை அவ்வளவே.

1852 கோடையில் கொலை, கசையடி, தூக்கு என மூன்று வாரக் கொடுமைகள் நிகழ்ந்தன. அயல்நாட்டார் அங்கு அகழக் கூடாதென்ற தீர்மானத்தையும் எசுப்பானிய மொழியினர் பட்ட அநீதியையும் அம்மையார் கண்டித்தார். ஆயினும் அம்மண்ணின் பூர்வகுடிகளைப் பற்றி எழுதுமிடத்து அவர் கண்ணில் இகழ்ச்சியே மேலோங்கியது. மடல்களைப் போற்றுவோர் இதை மறைத்தல் தகாது.

ஆற்றைத் திருப்பிப் பொன்னெடுக்கும் முயற்சி பொய்த்தது, படுகை வெறிச்சோடியது. மடல்கள் 1854–55இல் சான்பிரான்சிஸ்கோவின் பயனியர் இதழில் வந்தன. மணவிலக்குப் பெற்ற அம்மையார் அந்நகரிலேயே 1878 வரை ஆசிரியப் பணி புரிந்தார். 1906இல் நியூஜெர்சியில் மறைந்தார். அம்மடல்கள் நூல்வடிவம் பெற்றது 1922இல்.