தாஜ் ஹோட்டலை ஜாம்ஷெட்ஜி டாடா கோபத்தில்தான் கட்டினாரா?

மும்பையில் கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் போய் செல்ஃபி எடுத்தால், பின்னணியில் சிவப்புக் குவிமாடத்தோடு ஒரு பிரமாண்ட கட்டடம் தானாகவே வந்துவிடும். அதுதான் தாஜ்மஹால் பேலஸ் ஹோட்டல். கேட்வே இருப்பதால்தான் அங்கே ஹோட்டல் கட்டினார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஹோட்டல்தான் சீனியர். அது திறக்கப்பட்டது 1903-ல். கேட்வே திறக்கப்பட்டது 1924-ல்.

இதைக் கட்டிய ஜாம்ஷெட்ஜி டாடா பற்றி ஒரு கதை வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும். வெள்ளையர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்று வாட்சன்ஸ் ஹோட்டலில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அந்தக் கோபத்தில் கட்டியதுதான் தாஜாம். கேட்க சினிமா மாதிரி இருக்கிறது. ஆனால், உண்மையா?

யார் இந்த ஜாம்ஷெட்ஜி?

1839 மார்ச் 3-ம் தேதி குஜராத்தின் நவ்சாரியில், பார்சி மதகுருமார் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் வியாபாரத்துக்கு வந்தவர் அவருடைய அப்பா நசர்வான்ஜி. பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படிப்பை முடித்த மகனும் அப்பாவோடு சேர்ந்தார். ஹாங்காங் வரை போய் வணிகம் கற்றார்.

1860-களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் இந்தியப் பருத்திக்கு திடீர் கிராக்கி ஏற்பட்டது. 1865-ல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. பம்பாய் வணிகர்கள் பலர் திவாலானார்கள். டாடா குடும்பத்துக்கும் பலத்த அடி. அதிலிருந்து மீண்டு, 1868-ல் தன் 29-வது வயதில் 21,000 ரூபாய் முதலீட்டில் சொந்த நிறுவனம் தொடங்கினார் ஜாம்ஷெட்ஜி. நொடித்துப்போன ஓர் எண்ணெய் ஆலையை வாங்கி, பஞ்சாலையாக மாற்றி, லாபத்துக்கு விற்றார். 1877-ல் நாக்பூரில் எம்ப்ரஸ் மில்லைத் தொடங்கினார்.

நான்கு கனவுகள்

பணம் வந்த பிறகு அவர் துரத்தியது நான்கு விஷயங்களை: ஓர் இரும்பாலை, ஓர் அறிவியல் கல்வி நிறுவனம், ஒரு நீர்மின் திட்டம், ஒரு ஹோட்டல். முதல் மூன்றும் சரி, நாட்டுக்கு அடித்தளம். நடுவில் ஹோட்டல் எதற்கு?

வாட்சன்ஸ் கதைக்கு உறுதியான சான்று இல்லை. வரலாற்று ஆய்வாளர்கள் பலர் அதை நம்புவதும் இல்லை. அன்றைய பம்பாயில் நிறவெறி இருந்தது நிஜம். ஆனால், ஹோட்டலுக்கான காரணத்தைத் தேட வேண்டிய இடம் வேறு.

1896-ல் பம்பாயை பிளேக் தாக்கியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள், லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். ஆலைகளும் துறைமுகமும் தள்ளாடின. பம்பாய் என்றாலே வெளியூர்க்காரர்கள் பயந்தார்கள். இந்த ஊருக்கு மறுபடியும் மனிதர்களை வரவைக்க வேண்டும் என்பதே ஜாம்ஷெட்ஜியின் எண்ணம் என்கிறார்கள், அவர் வாழ்க்கையை எழுதியவர்கள். பிளேக் இன்னும் ஓயாத காலத்திலேயே, அப்போலோ பந்தர் கடற்கரையில் கட்டுமானம் தொடங்கியது.

ஷாப்பிங் போன முதலாளி

வடிவமைத்தவர்கள் சீதாராம் காண்டேராவ் வைத்யாவும் டி.என். மிர்சாவும். முடித்துக்கொடுத்தவர் டபிள்யூ.ஏ. சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர். ஹோட்டலைத் திருப்பிக் கட்டிவிட்டார்கள், அதைப் பார்த்த ஆர்க்கிடெக்ட் தற்கொலை செய்துகொண்டார் என்று இன்னொரு கதையும் உண்டு. அதற்கும் ஆதாரம் கிடையாது.

ஹோட்டலுக்கான பொருட்களை வாங்க ஜாம்ஷெட்ஜியே ஐரோப்பா போனார். மின்விளக்கு, லிஃப்ட், அமெரிக்க மின்விசிறி, துருக்கிக் குளியல் என அன்றைய பம்பாய்க்கு எல்லாமே புதுசு. 1903 டிசம்பர் 16-ம் தேதி ஹோட்டல் திறக்கப்பட்டது. முதலில் வந்து தங்கியவர்கள் வெறும் 17 பேர்தான்.

அடுத்த ஐந்து மாதத்தில், 1904 மே 19-ம் தேதி, ஜெர்மனியின் பாட் நௌஹைமில் ஜாம்ஷெட்ஜி காலமானார். டாடா ஸ்டீல் பிறந்தது 1907-ல். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் உருவானது 1909-ல். நீர்மின்சாரம் வந்தது 1915-ல். மூன்றையும் முடித்தது மகன் தோராப்ஜியின் தலைமுறை. நான்கு கனவில் ஜாம்ஷெட்ஜி கண்ணால் பார்த்தது ஹோட்டலை மட்டும்தான்.

அப்புறம் என்ன ஆச்சு?

முதல் உலகப் போரில் தாஜ் 600 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையானது. 2008 நவம்பர் 26 பயங்கரவாதத் தாக்குதலில் பெரும் சேதமடைந்த பழைய கட்டடம், 2010 ஆகஸ்ட் 15-ல் மீண்டும் திறந்தது.

1896 ஜூலையில் லூமியர் சகோதரர்களின் படங்கள் இந்தியாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது வாட்சன்ஸ் ஹோட்டலில்தான். அந்த இரும்புச் சட்டகக் கட்டடமும் எஸ்பிளனேட் மேன்ஷன் என்ற பெயரில் காலா கோடா பகுதியில் இன்னும் நிற்கிறது, ரொம்பவே சிதைந்துபோய். அடுத்த முறை மும்பை போனால் தாஜிலிருந்து நடந்தே போய்ப் பார்த்துவிடலாம்.