கிளாரிந்தா

கிளாரிந்தா என்பவர் 18 ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரிலிருந்து பாளையங்கோட்டைக்குக் குடிபெயர்ந்து, அங்கு சீர்திருத்தக் கிறித்தவ சபை ஒன்று உருவாகக் காரணமாக இருந்த மராத்தியப் பிராமணப் பெண் ஆவார். 1785 இல் இவருடைய முயற்சியால் கட்டி முடிக்கப்பட்ட சிற்றாலயம் திருநெல்வேலிச் சீமையின் முதல் சீர்திருத்தக் கிறித்தவ ஆலயமாகக் கொள்ளப்படுகிறது. இவ்வூர் மக்கள் அதனைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே அழைத்து வந்துள்ளனர்.

தொடக்க வாழ்க்கை

கிளாரிந்தாவின் குடும்பம் தஞ்சை மராத்திய அரசவையோடு தொடர்புடையது. இவருடைய இயற்பெயர் கோகிலா என்பது மரபு. இளம் வயதிலேயே கணவரை இழந்தார். அக்காலத்தில் பிராமணக் குடும்பத்து இளம் கைம்பெண் ஒருவருக்கு வீட்டின் பின்கட்டைத் தவிர வேறு உலகம் இல்லை. இந்நிலையில் தஞ்சாவூரில் பணிபுரிந்த லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அலுவலரின் பாதுகாப்பில் இவர் வாழத் தொடங்கினார். ஆங்கில மொழியையும் கிறித்தவ சமயக் கருத்துகளையும் அவரிடமிருந்தே கற்றார்.

உடன்கட்டை ஏற்றப்படவிருந்த இவரை லிட்டில்டன் சிதையிலிருந்து மீட்டார் என்று ஒரு கதை பரவலாக வழங்குகிறது. அ. மாதவையா 1915 இல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட கிளாரிந்தா என்னும் வரலாற்றுப் புதினமும் இக்கதையையே கொண்டுள்ளது. புதினத்தை வரலாறாகப் படிப்போர் பலர் உள்ளதால் இதனை இங்குக் குறிப்பிட வேண்டியுள்ளது. மீட்பு நிகழ்வை வாய்மொழி மரபாகக் கொள்வதே தகும்.

மறுக்கப்பட்ட திருமுழுக்கு

தஞ்சாவூரில் இருந்த காலத்திலேயே கிளாரிந்தா திருமுழுக்குப் பெற விரும்பினார். அப்பகுதியில் பணியாற்றிய செருமானிய மறைப்பணியாளர் கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்சு அவர்களிடம் அதனைக் கேட்டார். 1726 இல் பிறந்து, 1750 இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்த சுவார்ட்சு தமிழில் வல்லவர். தஞ்சை மன்னராலும் கிழக்கிந்தியக் கம்பெனியாராலும் ஒருங்கே மதிக்கப்பட்டவர். அவர் கிளாரிந்தாவின் வேண்டுகோளை ஏற்க மறுத்துவிட்டார். திருமணம் செய்துகொள்ளாமல் லிட்டில்டனுடன் வாழ்ந்து வந்தார் என்பதே காரணம்.

இம்மறுப்பு கிளாரிந்தாவை எங்கு நிறுத்தியது என்பதை எண்ணிப் பார்க்கலாம். பிறந்த சாதி இவரை விலக்கிவிட்டது. சேர விரும்பிய சமயமும் கதவைத் திறக்கவில்லை. சுவார்ட்சின் கண்டிப்பு அவர் சார்ந்த மிஷனின் ஒழுங்குக்கு உட்பட்டதே ஆயினும், அக்கண்டிப்பின் சுமையைத் தாங்கியவர் அப்பெண்ணே ஆவார்.

பாளையங்கோட்டை வருகை

லிட்டில்டன் பின்னர் பாளையங்கோட்டைக்கு மாற்றப்பட்டார். கிளாரிந்தாவும் உடன் சென்றார். தாமிரபரணியின் கீழ்க்கரையில் அமைந்த பாளையங்கோட்டை அப்போது ஒரு கோட்டை நகரம். ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப் பகுதியாகிய இங்கு ஆங்கிலேயப் படை நிலைகொண்டிருந்தது. படைவீரர்களும் அவர்களைச் சார்ந்த கணக்கர், பணியாளர், வணிகர் முதலியோரும் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து குடியேறியிருந்தனர்.

கிளாரிந்தா வருவதற்கு முன்பே இங்குக் கிறித்தவர் சிலர் இருந்தனர். திருச்சிராப்பள்ளிச் சபையைச் சேர்ந்த சவரிமுத்து என்பவர் பாளையங்கோட்டையில் தங்கி மறைநூலைப் பிறருக்கு வாசித்துக் காட்டி வந்ததைச் சுவார்ட்சு 1771 ஆம் ஆண்டுக் குறிப்பில் தெரிவிக்கிறார். எனவே கிளாரிந்தாவை இவ்வூரின் முதல் கிறித்தவர் என்பது பிழையாகும். சிதறியிருந்தவர்கள் ஒரு சபையாகக் கூடியதே இவரால் நிகழ்ந்தது.

லிட்டில்டன் தம் உடைமைகளைக் கிளாரிந்தாவுக்கு விட்டு இறந்தார். உறவினர் எவரும் இல்லாத ஊரில், ஓரளவு பொருள் வசதியுடன், தனித்து நின்ற கிளாரிந்தா தஞ்சாவூருக்குத் திரும்பவில்லை. 1778 இல் சுவார்ட்சு பாளையங்கோட்டைக்கு வந்தபோது மீண்டும் திருமுழுக்குக் கேட்டார். முன்பிருந்த தடை நீங்கியிருந்ததால் சுவார்ட்சு இம்முறை இசைந்தார். கிளாரிந்தா என்னும் பெயர் இவருக்கு இடப்பட்டது. இவர் வளர்த்து வந்த சிறுவனும் திருமுழுக்குப் பெற்றான்; அவனுக்கு என்றி லிட்டில்டன் என்பதே பெயர்.

சபையும் ஆலயமும்

1780 இல் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேடு தொடங்கப்பட்டது. அதில் 40 பெயர்கள் உள்ளன. முதலில் இருப்பது கிளாரிந்தாவின் பெயர். திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கம் இப்பதிவேட்டிலிருந்தே கணக்கிடப்படுகிறது. உறுப்பினர்கள் பல சாதிகளைச் சேர்ந்தவர்கள். தஞ்சைப் பகுதிச் சபைகளில் ஆலயத்துக்குள்ளும் சாதி அடிப்படையில் தனித்தனியே அமர்ந்த காலம் அது. அத்தகைய காலத்தில் ஒரு பிராமணப் பெண்ணின் பெயரும் தாழ்த்தப்பட்டவர்களின் பெயர்களும் ஒரே பட்டியலில் எழுதப்பட்டமை கருதத்தக்கது. பட்டியலில் ஒன்றாக இருந்தவர்கள் அன்றாட வாழ்விலும் ஒன்றாயினர் என்று இதனால் முடிவு செய்துவிட முடியாது.

புதிய சபைக்குக் குருவும் இல்லை, கட்டடமும் இல்லை. சுவார்ட்சு இருந்த இடமோ பல நாள் பயணத் தொலைவு. கிளாரிந்தா தஞ்சாவூர் வரை சென்று, தம் சபைக்கு உபதேசியார் ஒருவரை அனுப்புமாறு வேண்டினார். முன்பு திருமுழுக்கு மறுக்கப்பட்ட அதே ஊருக்கு இவர் இப்போது ஒரு சபையின் சார்பாளராகச் சென்றார்.

கட்டடப் பணியையும் இவரே முன்னின்று நடத்தினார். முதலில் எளிய வழிபாட்டுக் கூடம் ஒன்று இருந்தது. பின்னர் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு நிலையான ஆலயம் எழுப்பப்பட்டது. கோட்டையிலிருந்த ஆங்கிலேயர்கள் உதவினர் எனினும் பெரும்பகுதிச் செலவு கிளாரிந்தாவுடையது. 1785 இல் சுவார்ட்சு வந்து ஆலயத்தை அர்ப்பணம் செய்தார். இவர் பொதுமக்களுக்காகக் கிணறு ஒன்றும் வெட்டினார். அது பாப்பாத்தியம்மாள் கிணறு எனப்பட்டது.

சத்தியநாதன் வருகை

கிளாரிந்தாவின் வேண்டுகோளுக்கு நிலையான பயன் சத்தியநாதனின் வருகையால் கிடைத்தது. சுவார்ட்சின் உபதேசியார்களுள் மிகுந்த ஆற்றல் உடையவரான இவர் பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்டார். 1790 டிசம்பர் 26 அன்று தஞ்சாவூரில் இவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. (தமிழருள் முதலில் சீர்திருத்தக் கிறித்தவக் குருவானவர் 1733 இல் தரங்கம்பாடி மிஷனில் பட்டம் பெற்ற ஆரோன் ஆவார்.) அடுத்த ஆண்டு செருமானியரான யானிக்கே என்பவரும் வந்து சேர்ந்தார். அவர் 1800 இல் இறந்தார்.

சபை கோட்டை நகரத்திலிருந்து சிற்றூர்களுக்குப் பரவியது சத்தியநாதன் காலத்திலாகும். 1799 இல் புதிய கிறித்தவர்களுக்காக முதலூர் என்னும் ஊர் உருவாக்கப்பட்டது. இப்பரவலில் கிளாரிந்தாவின் பங்கு மறைமுகமானதே. சிற்றூர்களில் சபைகளை வளர்த்தவர்கள் உபதேசியார்களும் அவ்வூர் மக்களுமே ஆவர்.

பிற்காலம்

கிளாரிந்தாவின் இறுதிக்காலம் பற்றிய செய்திகள் குறைவு. 1806 அளவில் இறந்தார் என்பர். இவருடைய வரலாற்றை ஓரளவு தொகுத்துத் தந்தவர் இராபர்ட்டு கால்டுவெல். திருநெல்வேலி மிஷனின் தொடக்க வரலாறு குறித்து 1881 இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூலே பின்வந்தோர் பலருக்கும் அடிப்படையாக அமைந்தது. கிளாரிந்தா தம் கைப்பட எழுதியதாக எதுவும் அச்சில் வரவில்லை. ஆங்கிலம் அறிந்த பெண்ணாக இருந்தும், நாம் அறிவன அனைத்தும் இவரைப் பற்றிப் பிறர் எழுதியவையே.

1820 இல் இரேனியசு பாளையங்கோட்டைக்கு வந்த பின்னர் சபைகள் விரைந்து பெருகின. 1826 இல் கட்டப்பட்ட தூய திரித்துவ ஆலயம், அதாவது ஊசிக்கோபுரம், நகரின் அடையாளமாயிற்று. தென்காசி செல்லும் சாலையில் உள்ள ஆலங்குளத்தை அடுத்த நல்லூர் உள்ளிட்ட மேற்குப் பகுதி ஊர்களிலும் 19 ஆம் நூற்றாண்டில் பணித்தளங்கள் அமைந்தன. 1896 இல் திருநெல்வேலி தனி மறைமாவட்டம் ஆனது. 1947 இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தது. ஊசிக்கோபுரத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியதான கிளாரிந்தா ஆலயம் பாளையங்கோட்டையில் இன்றும் உள்ளது.