வாய்திறவாத் தாதி

தேக்காவுக்கு அருகில் உள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் டான் டோக் செங் மருத்துவமனையிலும் தாதியர் இரவு பகலாகப் பணியாற்றுகின்றனர். வலியால் துடிக்கும் பலரில் யாரை முதலில் கவனிப்பது? வலியைத் தணிக்கும் மருந்தை எவ்வளவு கொடுப்பது? நோயாளி நம்பிக்கையோடு சொன்னதைப் பிறர் கேட்டால் என்ன செய்வது? இத்தகைய அறச்சிக்கல்களை அவர்கள் அன்றாடம் எதிர்கொள்கின்றனர். போர்க்காலத்தில் இவற்றைவிடக் கடுமையான சிக்கலைச் சந்தித்த ஒரு தாதிதான் சிபில் கார்த்திகேசு.

சிபில் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்ராவில் உள்ள மேடான் நகரில் பிறந்தார். அவர் யூரேசியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தாதிமைப் பயிற்சியும் பேறுகாலப் பராமரிப்புப் பயிற்சியும் பெற்ற அவர், 1919ஆம் ஆண்டு தைப்பிங்கில் பிறந்த தமிழரான டாக்டர் கார்த்திகேசுவை மணந்தார். 1926இல் இருவரும் ஈப்போ நகரில் ஒரு மருந்தகத்தைத் தொடங்கினர். சிபில் கேண்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். அதனால், வட்டாரச் சீன மக்களும் தயக்கமின்றி அவரை நாடி வந்தனர்.

1941ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜப்பானியர் மலாயாவின்மீது படையெடுத்தனர். ஈப்போவில் குண்டுகள் விழத் தொடங்கியதும் சிபிலின் குடும்பம் அருகிலிருந்த பாப்பான் என்னும் சிற்றூருக்கு இடம்பெயர்ந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமானது. காடுகளில் மறைந்திருந்து ஜப்பானியரை எதிர்த்த வீரர்கள் காயமுற்றபோது, உதவி தேடிச் சிபிலின் வீட்டிற்கு வந்தனர்.

அப்போதுதான் சிக்கல் எழுந்தது. கதவைத் திறந்தால் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து நேரலாம். திறக்காவிட்டால் வாசலில் நிற்பவரின் உயிர் போகலாம். எதிர்ப்புப் படையினருக்கு உதவுவோர் கொடிய தண்டனைக்கு ஆளாவர் என்பதைச் சிபில் நன்கு அறிந்திருந்தார். ஆயினும், காயத்துடன் வந்தவரைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. கணவருடன் சேர்ந்து அவர்களுக்குச் சிகிச்சை அளித்தார், மருந்துகளையும் வழங்கினார். தடையை மீறி வானொலியை மறைத்து வைத்து, வெளியுலகச் செய்திகளையும் கேட்டுவந்தார்.

1943ஆம் ஆண்டு, முதலில் கணவரும் பின்னர்ச் சிபிலும் கைதுசெய்யப்பட்டனர். எதிர்ப்புப் படையினரின் பெயர்களையும் இருப்பிடங்களையும் சொல்லும்படி ஜப்பானிய இராணுவக் காவலர்கள் அவரைச் சித்திரவதை செய்தனர். பிறருடைய வலியைத் தணிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவர், தம் வலியிலிருந்து விடுபட ஒரே ஒரு வழிதான் இருந்தது. நம்பி வந்த நோயாளிகளைக் காட்டிக்கொடுப்பதே அந்த வழி. சிபில் வாய் திறக்கவில்லை.

அடுத்து அவர்கள் அவருடைய இளைய மகள் டானைப் பிடித்து வந்தனர். சின்னஞ்சிறு பெண்ணான அவளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, நெருப்பில் இடுவதாகத் தாயை மிரட்டினர். ஒரு பக்கம் பெற்ற மகள். மறுபக்கம் தம்மிடம் சிகிச்சை பெற்றுச் சென்ற பலரின் உயிர்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் நெஞ்சைப் பிளக்கும் இழப்பே மிஞ்சும். தாய்மை ஒரு பக்கம் இழுத்தாலும், நோயாளிகளின் நம்பிக்கையைச் சிபில் கைவிடவில்லை. நல்லவேளையாக, இறுதியில் குழந்தை விடுவிக்கப்பட்டாள். சிபிலுக்கோ ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

1945ஆம் ஆண்டு ஜப்பான் சரணடைந்த பிறகே அவர் விடுதலை பெற்றார். முதுகெலும்பு பாதிக்கப்பட்டிருந்ததால் அவரால் நடக்க இயலவில்லை. மேல்சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே அவரது துணிச்சலைப் போற்றி ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. எனினும், சித்திரவதையால் ஏற்பட்ட காயங்கள் முழுமையாக ஆறவில்லை. 1948இல், தமது 48ஆம் வயதில் சிபில் காலமானார். ஸ்காட்லாந்தில் அடக்கம் செய்யப்பட்ட அவரது உடல், 1949இல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. அவர் எழுதிய நினைவுக்குறிப்புகள் 1954இல் நூலாக வெளிவந்தன. ஈப்போவில் ஒரு சாலை இன்று அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது.

துன்பத்தைத் தணிப்பதும் நோயாளியின் இரகசியத்தைக் காப்பதும் தாதியரின் கடமைகள் என வகுத்துரைக்கும் அனைத்துலகத் தாதியர் மன்றத்தின் நெறிமுறை 1953இல்தான் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே சிபில் அவ்விரு கடமைகளையும் தம் உடலை வருத்தி நிறைவேற்றினார். அவர் காட்டிக்கொடுக்க மறுத்தவர்களுள் பெரும்பாலோருடைய பெயர்கள் வரலாற்றில் இடம்பெறவில்லை. அவர்களும் ஒரு வீட்டின் பிள்ளைகளே. அவர்களுக்காகவும் யாரோ காத்திருந்தார்கள்.