வாளைப் பார்த்தே கொல்லர் பெயரைச் சொன்னவர்

ஓரிகாமி என்றால் நம் பிளாக் குழந்தைகளுக்குக் காகிதக் கொக்கு. நானூறு ஆண்டுகளுக்கு முன் ஜப்பானியப் பிரபுக்களுக்கோ அது சான்றிதழ். இந்த வாளைச் செய்தவர் இன்னார், மதிப்பு இவ்வளவு பொன் என்று எழுதி மடித்த தாள். அந்தத் தொழிலில் பேர்போன ஹோனாமி குடும்பத்தில், 1558-இல் கியோட்டோவில் பிறந்தவர் கோயெட்சு.

வாளைத் தீட்டுவது, துடைத்துப் பராமரிப்பது, மதிப்பிடுவது மூன்றும் அவர்கள் குலத்தொழில். கடைசியானதுதான் கடினம். கொல்லர் தம் பெயரை வெட்டுவது பிடிக்குள் மறையும் அடிப்பகுதியில். நீண்ட வாளைக் குட்டையாக்கும்போது அந்தப் பக்கத்தைத்தான் குறைப்பார்கள், பெயரும் போய்விடும். புகழ்பெற்ற மாசமுனேயின் வாள்கள் பெரும்பாலும் பெயரில்லாதவை. அவர் பெயரைப் போலியாக வெட்டியவர்களோ ஏராளம்! ஆகவே இரும்பையே படிக்க வேண்டும்.

காத்திவாக்கம், எண்ணூர் பக்கம் ஃபவுண்டரியில் வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வாளின் முதுகில் களிமண்ணைத் தடிமனாகவும், வெட்டும் விளிம்பில் மெல்லியதாகவும் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள். விளிம்பு சீக்கிரம் குளிர்ந்து கெட்டியாகும். முதுகு மெதுவாக ஆறுவதால் அடி தாங்கும். இரண்டும் சேருமிடத்தில் அலைபோல ஒரு வெண்மை படரும். அந்த அலை பட்டறைக்குப் பட்டறை வேறுபடும். அதோடு மடித்து அடித்த இரும்பின் ரேகை, வளைவு, அடிப்பகுதியில் அரத்தின் தடம், துருவின் நிறம் எல்லாம் சாட்சிகள். துருவைத் தேய்த்துவிட்டால் வயதைச் சொல்ல ஆளில்லை. (வீட்டுப் பழம்பொருளைப் புளி போட்டு விளக்குபவர்கள் கவனிக்க.)

காகா நாட்டு மயேதா பிரபுக்கள் இவருக்கு மானியம் கொடுத்தார்கள். கையெழுத்துக் கலையிலும் அரக்கு வேலையிலும் இவர் பெயர் பரவியது.

1615-இல் இவருக்குத் தேநீர்க் கலை கற்றுத்தந்த ஃபுருதா ஒரிபே, தொகுகாவா ஆட்சியின் உத்தரவால் தற்கொலை செய்துகொள்ள நேர்ந்தது. அதே ஆண்டில் இயெயாசு, கியோட்டோவுக்கு வடக்கே தகாகமினேயில் கோயெட்சுவுக்கு நிலம் கொடுத்தார். பரிசா, ஊரைவிட்டுத் தள்ளிவைத்ததா? ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எனக்கென்னவோ இரண்டும்தான் என்று தோன்றுகிறது. கோயெட்சு உறவினரையும் கைவினைஞர்களையும் அங்கே குடியேற்றினார். சுமார் 55 வீடுகள், நம் ஒரு பிளாக் அளவு.

1637-இல் அங்கேயே காலமானார். சக்கரத்தில் சுற்றாமல் கையாலேயே இவர் பிடித்துச் செய்த ‘ஃபுஜி மலை’ தேநீர்க் கிண்ணம் இன்று ஜப்பானின் தேசியச் செல்வங்களில் ஒன்று.