டாக்டர் குஸ்தாவ் சாண்டர்

வலிமை என்றவுடன் மாணவராகிய நம் மனக்கண்முன் தோன்றுவன மல்லரின் புயமும் மார்புமே. அவற்றைத் தாங்கி நிற்கும் முதுகினை நினைப்பார் மிகச் சிலர். நாள் முழுதும் நூலின்மேற் கவிந்திருந்து, மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்போதே அதன் நினைவு நமக்கு வருகின்றது. முதுகு மெலிந்தோர்க்கும் கூனற்பட்ட சிறார்க்கும் வலிமையை அளந்து கொடுக்க வழி கண்ட பெரியார் ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

குஸ்தாவ் சாண்டர் ஸ்வீடன் தேசத்துத் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் 1835-ஆம் ஆண்டு பிறந்தார். அந்நகரிலேயே பெர் ஹென்ரிக் லிங் என்பார் 1813-ல் தேகப்பயிற்சிக் கழகம் ஒன்று நிறுவி, பிணி தீர்க்கும் பயிற்சி முறையொன்றைப் பரப்பியிருந்தார். அம்முறையில் ஆசிரியர் தம் கையால் மாணவரின் உறுப்பைத் தடுத்துப் பிடிப்பார். மாணவர் அத்தடையை எதிர்த்து அசைப்பர். இளமையிற் சாண்டர் பெண்கள் விடுதிப் பள்ளி ஒன்றில் தேகப்பயிற்சி கற்பித்தார். கைத்தடை முறையில் இரு குறைகள் உளவென அவர் கண்டார். ஒருவர் கை பலருக்குப் போதாது. அன்றியும், கை தரும் தடை இன்று இவ்வளவு, நாளை இவ்வளவு என அளந்தறிய இயலாது. அளவறியாது கொடுக்கும் தடை வலியார்க்குக் குறையும்; மெலியார்க்கு மிகும்.

இக்குறை தீர்க்க அவர் யந்திரங்களை வகுத்தார். நெம்புகோல் ஒன்றில் இரும்பு எடை நகரும்படி அமைத்தார். எடை அச்சுக்கு அருகிருப்பின் தடை சிறிதாகும், விலகுந்தோறும் பெரிதாகும். கோலிற் பொறித்த எண்களைக் கொண்டு, மருந்தை அளப்பதுபோல் அவரவர்க்குரிய தடையை அளக்கலாயிற்று. கைக்கும் காலுக்கும் உடற்பகுதிக்கும் தனித்தனி யந்திரங்கள் எழுந்தன. முதுகிற்குரியதிற் பயில்வோர் அமர்ந்து, முன் வளைந்து, பின்னுள்ள தடையைத் தள்ளி மெல்ல நிமிர்வர். அப்போது முதுகெலும்பின் இருமருங்கும் ஓடும் நீண்ட தசைகள் உழைக்கின்றன. பழகிய பாரத்தினும் சிறிது மிகுந்த பாரத்தை அடுத்தடுத்து ஏற்பதனால் தசை உரம் பெறுகின்றது.

மருத்துவக் கல்வியை முடித்த சாண்டர் 1865-ல் 27 யந்திரங்களுடன் ஸ்டாக்ஹோமில் தம் சாலையைத் திறந்தார். லிங்கின் வழிவந்தோர் அவரைக் கடிந்தனர். உணர்வுள்ள கையின் தொழிலை இரும்பு செய்யுமோ என்பது அவர்தம் வாதம். அவ்வாதத்திலும் உண்மை உண்டு. நோயாளியின் முகங்கண்டு தளர்த்தும் கை யந்திரத்துக்கு இல்லை. எனினும் சாண்டர் தளர்ந்திலர். 1876-ல் பிலடெல்பியாக் கண்காட்சியில் அவர்தம் யந்திரங்கள் வைக்கப்பெற்றன. பின்னர் ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளிலும் அவர் முறைச் சாலைகள் தோன்றின.

குறையையும் மறைத்தல் தகாது. பயில்வோர் வாளாவிருக்க, நீராவி விசையால் உடலைக் குலுக்கவும் பிசையவும் வல்ல யந்திரங்களையும் அவர் செய்தார். செல்வர் பலர் இவற்றையே விரும்பினர். 1912-ல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் பயிற்சி அறையில் இருந்த மின்சாரக் குதிரையும் ஒட்டகமும் இவ்வினத்தனவே. தானே உழைக்காத தசை உரம் பெறுமாறு யாங்ஙனம்? முதல் உலகப் போருக்குப்பின் அச்சாலைகள் மங்கின. சாண்டரும் 1920-ல் மறைந்தார்.

ஆயினும் அவர் விதைத்த வித்து அழிந்திலது. 1970-ல் அமெரிக்கராகிய ஆர்தர் ஜோன்ஸ் நாட்டிலஸ் என்னும் யந்திரங்களை வெளியிட்டார். 1980-க்குப்பின் கீழ்முதுகிற்கெனவே ஒன்று செய்தார். அதில் இடுப்பெலும்பு அசையாவண்ணம் இறுக்கப்பெறும். இல்லையேல் பிட்டத்துத் தசைகளும் தொடைத் தசைகளுமே பாரத்தைத் தாங்கிவிட, முதுகு சோம்பியிருக்கும் என்க.

இக்காலத்துப் பயிற்சிச் சாலையிற் புகும் நம்மிற் பலர், அண்டை நிற்பவன் தூக்கும் எடையைக் கண்டு நாணி, தம் அளவிற்கு மேற்பட்டதைப் பற்றி இழுத்து முதுகை வருத்திக்கொள்கின்றோம். சாண்டரின் கோலிற் பொறித்த சிற்றெண்களும் ஒருவர்க்கு உரியனவாகவே பொறிக்கப்பட்டன. இன்று நமக்கு உரிய எண் எதுவோ அதனினின்று தொடங்குதலில் இழிவொன்றும் இல்லை. நோவுடையார் மருத்துவரை வினவித் தொடங்குக. நலமுடையார் சிறிது சிறிதாக ஏற்றுக. நிமிர்ந்த முதுகு நாடோறும் அளந்து ஈட்டும் பொருளாகும்.